கொல்லைப்புற விதை எவருடையது?

ஆண்டை ஆறு பொழுதாகப் பகுத்த பழந்தமிழர், ஆனியும் ஆடியும் சேர்ந்த இரு திங்களுக்கு முதுவேனில் எனப் பெயரிட்டனர். இளவேனிலில் காய்த்த செடிகள் களைத்து நிற்க, கார்ப்பருவ மழை இன்னும் வந்து சேராத இடைப்பட்ட காலம் அது. திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு இக் காலத்தின் கொடுமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழகத்தில் வெப்பம் மிகுந்த ஊர்களை எண்ணும்போது திருத்தணியின் பெயர் வாராத கோடை அரிது. கத்திரி வெயில் வைகாசியோடு முடிந்ததென நாள்காட்டி கூறினும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த சிற்றூர்களில் கிணறு அடிமண்ணைக் காட்டுவதும், கத்திரிச் செடியின் இலை நண்பகலில் துவண்டு தொங்குவதும் ஆனியில்தான்.

இப் பருவத்தில் வீட்டுத் தோட்டத்தைக் கைவிடுவோரே மிகுதி. செடி முடிந்தது, பிடுங்கி எறிந்துவிட்டு ஆடிப்பட்டத்திற்குக் கடையில் விதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்தம் எண்ணம். காய் பறிக்கும் காலம் இளவேனில். விதை எடுக்கும் காலம் முதுவேனில். பின்னதைக் கைவிட்டவர் முன்னதற்கு என்றென்றும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும்.

திருத்தணி தமிழர்க்கு எளிதாகக் கிடைத்த ஊரன்று. ம.பொ.சி., மங்கலங்கிழார், விநாயகம் முதலியோர் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகவே, 1960 ஏப்பிரல் முதல் நாளன்று அது தமிழ்நிலத்தோடு சேர்ந்தது. சிறை சென்றோர் பலர். உயிர் ஈந்தோரும் உளர். வேங்கடம் போயிற்று, தணிகை நின்றது. அவ்வாறு மீட்ட மண்ணில் இன்று ஊன்றப்படும் விதை எவருடையது?

கும்மிடிப்பூண்டியில் வயல்கள் பேட்டையாயின. நெல் விளைவித்தோரின் மக்கள் இரும்பு உருக்காலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக இரவும் பகலும் மாறி மாறி உழைக்கின்றனர். அப் பேட்டையைக்கூட எவரும் தமிழில் அழைப்பதில்லை. 'சிப்காட்டு' என்று பேருந்து நடத்துநர் கூவுவதே அதன் பெயர்! உழவில் இக் குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது வீட்டின் பின்னே பத்தடிக்குப் பத்தடி நிலம். அதுவும் இல்லாதோர்க்கு மொட்டைமாடியும் நாலைந்து தொட்டியும்.

அத் தொட்டிகளுக்கென்று கடைக்குச் செல்வோர் வாங்கி வருவன எவை? குரோபேக்கு, கோக்கோபீட்டு, ஐபிரிட்டு விதை. பொள்ளாச்சித் தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் எஞ்சும் கழிவுத்தூளைக் கட்டியாக அழுத்தி, அயற்பெயர் பொறித்துத் தமிழனிடமே விற்கின்றனர். நார்க்கழிவு என்றால் விலை போகாதாம். பீட்டு என்றால் போகுமாம்!

ஒருகாலத்தில் தோட்டத்துச் சொல் இவ்வாறு அடிமைப்பட்டிருக்கவில்லை. பழவேற்காட்டில் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் குடியேறினர். அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் தமிழகக் கரைக்கு வந்தது அக் காலத்தை ஒட்டியே. வந்த காரக்காயை மிளகோடு ஒப்பிட்டு மிளகாய் என்றான் தமிழுழவன். வந்த பூசணிக்குக் கொணர்ந்தவன் பெயரையே சூட்டிப் பறங்கி என்றான். மணத்தக்காளியை முன்பே அறிந்தவனாதலின், புதிதாய் வந்ததைச் சீமைத் தக்காளி என்று இனங்கண்டான். வள்ளிக்கிழங்கை அறிந்தவன் மரம்போல் நின்றதை மரவள்ளி என்றான். இச் சொற்களை ஆக்க எந்தக் கலைச்சொற் குழுவும் கூடவில்லை. செடியைத் தன் கையால் நட்டவன் தன் வாயால் பெயரிட்டான், அவ்வளவே. விதை கடைக்குப் போனபோது பெயரும் உடன் போயிற்று.

கலப்பின விதையின் இயல்பு பலர் அறியாதது. இரு வேறு தூயவழிகளைக் கலந்து ஆக்கப்படும் அவ் விதை முதல் தலைமுறையில் ஒருசீராக மிகுந்து காய்க்கும். அதன் காயினின்று விதை எடுத்து ஊன்றினால், ஒன்று நெடிதாய், ஒன்று குட்டையாய், ஒன்று காய்த்தும் ஒன்று காயாமலும் பல்வேறாகப் பிரியும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்கே செல்ல வேண்டும். சந்தைக்கென ஏக்கர்க் கணக்கில் விளைவிப்போர் அதனை நாடுவதில் ஒரு கணக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. நான்கு கத்திரிச் செடி வைத்துக் குழம்புக்குக் காய் பறிக்கும் வீட்டுக்கு அந்த அடிமைமுறி எதற்கு? 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்புச் சட்டம், உழவர் தம் விளைச்சலில் விதை எடுக்கவும் மீண்டும் விதைக்கவும் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளவும் உரிமை அளித்துள்ளது. உரிமை தாளில் உள்ளது. பானையில் விதை இல்லை.

மரபீனி மாற்றிய கத்திரிக்கு 2009 அக்தோபரில் நடுவணரசின் ஒப்புதற்குழு இசைவளித்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அம் முயற்சியில் பங்கு கொண்டிருந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2010 பிப்பிரவரி 9 அன்று நடுவணமைச்சர் செயராம் இரமேசு அதனை நிறுத்தி வைத்தார். நன்று. ஆனால் அன்று மேடையேறி முழங்கிய தமிழன்பர்களுள் எத்தனை பேர் வீட்டில் நாட்டுக் கத்திரி நிற்கிறது? பிள்ளைக்குத் தூயதமிழ்ப் பெயர் சூட்டிய இல்லங்கள் பலவற்றில், அப் பிள்ளைக்குப் பீர்க்கங்கொடிக்கும் சுரைக்கொடிக்கும் வேறுபாடு தெரியவில்லை. 'கார்டன்' என்பதைத் தோட்டம் என்று திருத்துவதற்கு முன், திருத்துவதற்கு ஒரு தோட்டம் இருத்தல் வேண்டுமன்றோ!

இனிச் செய்ய வேண்டுவது. காய்த்து ஓய்ந்த கத்திரியைப் பிடுங்காமல், ஆனிக் கடைசியில் தரையினின்று ஓரடி விட்டுத் தறித்து, வேரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய தொழுவெரு இட்டு நீர் விட்டால் அடிக்கட்டையில் புதுக்கொழுந்து வெடிக்கும். அச் செடியே மறுமுறை காய்க்கும். ஒரு செடியை மட்டும் தறிக்காமல் விட வேண்டும். நோயற்றதும் வீட்டார் நாவுக்கு இனியதுமான செடியாக அது இருக்கட்டும். அதில் நல்ல காய் இரண்டைப் பறிக்காமல் பழுத்து மஞ்சளாகும்வரை விட்டு, பிளந்து நீரில் கசக்கினால், பதர் மிதக்கும். முற்றிய விதை அடியில் தங்கும். அதனைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துதல் வேண்டும். சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பொதித்து வறட்டிபோற் சுவரில் அப்பி வைப்பது பாட்டிமார் வழக்கம், பூச்சி அண்டாது. நரம்பு மஞ்சளித்த வெண்டையை வெள்ளை ஈ பரப்புமுன் பிடுங்கிவிட வேண்டும். அதில் விதை எடுத்தல் ஆகாது.

நீர் விடுவது வைகறையிலோ பொழுது சாய்ந்தபின்னரோ. செடியின் தூரில் காய்ந்த சருகையும் வைக்கோலையும் மூடாக்காகப் பரப்பினால் விட்ட நீர் இரு நாள் நிற்கும். இரு செடிகளுக்கிடையே மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி வைத்தால் வேர் தனக்கு வேண்டிய அளவே உறிஞ்சிக்கொள்ளும். அரிசி கழுவிய நீரைச் சாக்கடையில் விடுவது முதுவேனிலில் பெருங்குற்றம். ஆலையை அடுத்த வீடுகளில் கரித்தூள் இலைமேற் படியும். கீரைப் பாத்தியைத் தெருப்பக்கம் வையாமல் வீட்டின் மறைவில் வைத்து, பறித்ததை மும்முறை அலச வேண்டும்.

மீஞ்சூர்ப் பக்கத்தார் படும் பாடு வேறு. 1960களின் இறுதியிலிருந்து சென்னையின் நீர்வேட்கைக்காக ஆரணியாற்று, கொசத்தலையாற்றுப் படுகைகளில் நிலத்தடிநீர் உறிஞ்சப்பட்டது; வெற்றிடத்தில் கடல்நீர் புகுந்தது. அதே பகுதிக் காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது! உப்பேறிய கிணற்றுநீர் பட்டால் முதலில் கருகுவது அவரையினம். அங்குள்ளோர் ஆடி மாலைகளில் இடியுடன் பெய்யும் மழையைக் கூரையிலிருந்து பிடித்து விதைப்பாத்திக்கென வைத்தல் நன்று.

கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர்க்கான ஏதிலியர் குடியிருப்பு ஒன்று நெடுங்காலமாக உள்ளது. அவர்தம் மண்ணின் வடபுலத்தில் நேர்ந்தது எண்ணத்தக்கது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சி மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தமையால் யாழ்ப்பாணத்து உழவர் செழித்தனர். 1977இல் வந்த ஆட்சி சந்தையைத் திறந்துவிட்டது. அவர்தம் விளைபொருள் விலை வீழ்ந்தது. திறப்பதும் அடைப்பதும் தமிழர் கையில் இல்லை. கொழும்புக்கும் தில்லிக்கும் எட்டாதது அடுக்களைக் கொல்லை ஒன்றே.

ஆடி பிறக்குமுன் ஊன்றுவதற்கு வீட்டில் விதை இல்லாதோர், ஊரில் இன்னும் பந்தல் கட்டும் முதியோரிடம் நாட்டு அவரை நாலு விதை கேட்டு வாங்கலாம், அவர்கள் மறுப்பதில்லை. அவ் அவரைக்கு எவ்வளவு எரு இட்டாலும் பகற்பொழுது குறுகும்வரை பூவாது. கொடி பந்தல் நிறையப் படர்ந்துகொண்டே இருக்கும். பொறுத்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் பூத்துத் தையில் காய்க்கும். நல்ல கொத்து இரண்டை விட்டுவைத்தால் மாசியில் நெற்றாகிக் காற்றுக்கு ஒலிக்கும். அதனை உரித்துச் சாம்பலோடு கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்து, அடுத்த ஆடிவரை அடுக்களைப் பரண்மேல் வைப்பது வழக்கம்.