ஆண் சிலந்திக்கு என்ன பேரு?

டாரன்டுலா சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற பழக்கம் பட்டணத்துப் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. "வயசுக்கு வந்த ஆண், எந்த இனம் அண்ணாச்சி?"ன்னு படம் அனுப்பிக் கேக்காங்க.

ஆண்னு கண்டுபிடிக்கது லேசு. வாய்ப் பக்கத்துல இருக்க ரெண்டு சின்னக் கைகளோட நுனி குமிழ் மாதிரித் திரண்டிருக்கும். வயிறு வத்தி, கால் நீண்டுரும். இனம் சொல்றதுதான் பாடு. நம்ம மரச் சிலந்திகள்ல காலோட அடிப்பக்கத்துப் பட்டைகளைப் பார்ப்பாங்க. ஆணுக்கு நிறம் மங்கிரும். அப்புறம் அந்தக் குமிழோட வடிவத்தை உருப்பெருக்கியில பார்க்கணும். செல்போன் படம் பத்தாது.

எனக்கு இனத்தைவிட, அது எங்கேருந்து வந்ததுங்கிறதுதான் கேள்வி. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் புளியமரப் பொந்துகள்ல ஒரு இனம் இருக்கு. அங்குள்ள அனுமவிலாசம் கோயில் பேரை அதுக்கு 2004-ல வச்சாங்க. அழிவின் விளிம்புல நிக்குது. ஆந்திராவுல குத்தி ஊர்ல 1899-க்கு முன்ன கண்டெடுத்த நீலச் சிலந்தியை இன்னைக்கு வெளிநாட்டுல காசுக்கு விக்காங்க. 2019-ல இந்த வகை முழுசையும் சைட்டீஸ் வணிகக் கட்டுப்பாட்டுல சேர்த்தாச்சு. புளியமரத்தை வெட்டுறவனுக்கு எந்தக் கட்டுப்பாடும் காணோம், அது வேற கதை.

கடைசித் தோலை உரிச்ச ஆணுக்கு மிச்சம் சில மாசம்தான். பொண்ணு தேடி அலையத்தான் அந்த நீளக் கால். அதைப் பெட்டியில அடைக்கது, மாப்பிள்ளையைத் திண்ணையில கட்டிப்போட்ட மாதிரி.

மலையடிவாரத்துல உங்க வீட்டுச் சுவர்ல ஒண்ணு ஏறினா வாரியலைத் தூக்காதீங்க. கடிச்சா வலியும் தசைப்பிடிப்பும் வரும், ஆஸ்பத்திரிக்குப் போங்க. டப்பாவைக் கவுத்தி, அட்டையைச் செருகி, பக்கத்துல பொந்துள்ள மரத்தடியில விட்டுருங்க.