சட்டமும் நாமும்: பீரோவில் பத்திரமாக இருக்க வேண்டிய காகிதம்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜையிலேயே இருக்கிறது. கோடு போட்ட தாளில் நாலு பக்கம். எழுதிய சகோதரிக்கு நாற்பத்திரண்டு வயது. விவாகரத்தாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறந்த வீட்டோடு இருக்கிறார். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. போன வருஷம் அம்மாவும் போய்விட்டார்.

"விவாகரத்தான மகளுக்கும் பென்ஷன் உண்டாம், கோர்ட்டு டிகிரி காப்பி கேட்கிறார்கள். எங்கள் வீட்டு மழை ஒழுக்கில் அந்தக் காகிதமெல்லாம் ஊறிப் போய்விட்டது. வழக்கு நடத்திய வக்கீலும் இப்போது இல்லை. நம்பர்கூட ஞாபகமில்லை. மறுபடியும் கோர்ட்டுப் படி ஏறணுமா? அந்த மனுஷர் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமா? அவர் முகத்தில் விழிக்கவே எனக்கு இஷ்டமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கடைசி பயத்தை விட்டுவிடுங்கள். வழக்கில் நீங்களும் ஒரு கட்சி. உங்கள் வழக்கின் தீர்ப்பு நகலைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு எதிர்க்கட்சியின் சம்மதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் இந்தத் தடவை கூண்டில் ஏறி நிற்க அல்ல, ஒரு காகிதம் வாங்கிவர. மளிகைக் கடைக்குப் போவது போல் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைகிறோமே, அந்த அளவு அலைச்சல்தான்.

எந்தக் காகிதம்?

பலருக்கு இதிலேயே குழப்பம். தீர்ப்பு (ஜட்ஜ்மெண்ட்) வேறு, தீர்ப்பாணை (டிகிரி) வேறு. தீர்ப்பில் நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்ற காரணங்கள் இருக்கும். தீர்ப்பாணை சுருக்கமானது: இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த திருமணம் இன்ன தேதியில் கலைக்கப்பட்டது என்று சொல்லும். ஆபீஸ்களில் கேட்பது பெரும்பாலும் தீர்ப்பாணையைத்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஒன்றுக்காக இன்னொரு முறை அலைய வேண்டாம் பாருங்கள்.

இந்து திருமணச் சட்டம், 1955-இல் 23-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் கோர்ட்டே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. இப்போது வழக்கு நடந்துகொண்டிருக்கும் சகோதரிகள் இதை நினைவில் வைத்து, தீர்ப்பானதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "வக்கீல் ஐயா கிட்ட இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். வக்கீல் ஐயாவுக்கு ஆயிரம் கட்டு. உங்களுக்கு இது ஒன்றுதான்.

இன்னொன்று. பஞ்சாயத்தில் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை "விவாகரத்துப் பத்திரம்" என்று வைத்திருக்கிற வீடுகள் உண்டு. சில சமூகங்களில் வழக்கப்படி உள்ள தீர்வை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியது சொல்பவர் பொறுப்பு. அந்தப் பத்திரம் கோர்ட்டு டிகிரி ஆகாது.

நம்பரைக் கண்டுபிடிப்பது

கோர்ட்டில் எதைத் தேடவும் சாவி, வழக்கு எண். அதற்கு மூன்று பகுதி: வழக்கின் வகை, எண், வருஷம். சப்கோர்ட்டில் நடந்த இந்து விவாகரத்து வழக்கு 'ஹெச்.எம்.ஓ.பி.' என்ற எழுத்துக்களோடு இருக்கும். கிறிஸ்தவர்களுடையது 'ஐ.டி.ஓ.பி.' குடும்ப நீதிமன்றங்களில் 'ஓ.பி.', 'எப்.சி.ஓ.பி.' என்றும் வரும்.

வீட்டில் முதலில் தேடுங்கள். கோர்ட்டு சம்மன், வக்கீல் நோட்டீஸ், ஜீவனாம்ச உத்தரவு, குழந்தையின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஜெராக்ஸ், பாஸ்போர்ட்டுக்காகக் கொடுத்த நகல், ஏதாவது ஒன்றின் தலைப்பில் அந்த எண் இருக்கும். வக்கீல் காலமாகியிருந்தால் அவரிடம் ஜூனியராக இருந்தவரையோ, குமாஸ்தாவையோ கேட்டுப் பாருங்கள். பழைய குமாஸ்தாக்களின் ஞாபக சக்தி அபாரமானது.

ஒன்றும் கிடைக்கவில்லையா? செல்போனில் 'இ-கோர்ட்ஸ்' என்ற அரசாங்க சேவை இருக்கிறது. மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் வருஷமும் போட்டால் பட்டியல் வரும். 'முடிந்த வழக்குகள்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நடப்பிலுள்ளவை மட்டுமே வரும். பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் பதிந்தார்களோ தெரியாது. ஆகையால் முழுப்பெயரைப் போடாமல் முதல் நாலைந்து எழுத்தைப் போட்டுப் பாருங்கள். அவர் பெயரிலும் தேடுங்கள், உங்கள் பெயரிலும் தேடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வழக்குகளின் விவரத்தை முழுக்கக் காட்டாமல் இருக்கலாம். பழைய வழக்குகள் ஏறாமலும் இருக்கலாம். அப்போது நேரில் போய், வருஷத்தையும் பெயர்களையும் சொல்லிப் பழைய பதிவேட்டில் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

எந்த கோர்ட்டுக்குப் போவது? தீர்ப்புச் சொன்ன கோர்ட்டுக்கு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019-இல் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து புது மாவட்டங்கள் பிறந்தன, 2020-இல் மயிலாடுதுறை. குடும்ப நீதிமன்றங்களும் 1984-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஊராகத்தான் வந்தன. உங்கள் வழக்கு அன்று சப்கோர்ட்டில் நடந்திருக்கும். இன்று அதே ஊரில் குடும்ப நீதிமன்றம் தனியாக இருக்கும். கட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, பிறகு மனுப் போடுங்கள்.

கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2001-ஆம் வருஷத் திருத்தத்துக்கு முன்பு மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அந்தக் காலத்து வழக்கு என்றால் உறுதி செய்த உத்தரவின் நகலும் உங்களுக்குத் தேவை.

நகல் மனு

கோர்ட்டில் நகல் பிரிவு என்று தனியாக இருக்கும். அங்கே கொடுப்பது 'நகல் மனு'. அதில் எழுத வேண்டியவை:

கோர்ட்டின் பெயர், வழக்கு எண், இரு கட்சிக்காரர்களின் பெயர், தீர்ப்புத் தேதி, உங்களுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும், எத்தனை பிரதி, உங்கள் விலாசம். அதற்குரிய கோர்ட்டு வில்லையை ஒட்டி, அடையாளச் சான்றின் நகலோடு கொடுக்க வேண்டும். வக்கீல் மூலமாகவும் போடலாம், நீங்களே நேரிலும் போடலாம்.

'சான்றிட்ட நகல்' என்று தெளிவாக எழுதுங்கள். கோர்ட்டு முத்திரையும் அதிகாரி கையெழுத்தும் உள்ள நகல்தான் சர்க்கார் ஆபீஸ்களில் செல்லும். மனுவுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள். பிறகு கட்டு ஆவண அறையிலிருந்து வந்ததும், எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று அறிவிப்பார்கள். அந்தத் தேதிக்குள் கட்டணத்தைக் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். "வரும் வரும்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராது. வாரம் ஒரு தடவை போய் விசாரியுங்கள்.

"தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், இனிஷியல், திருமணத் தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா? எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வருஷம் பல ஆகியிருந்தாலும் பாதகமில்லை.

தேதிகள் பேசும்

நம் சகோதரியின் பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய சர்க்கார் விதிப்படி, பெற்றோரைச் சார்ந்திருந்த விவாகரத்தான மகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மறுமணம் ஆகும் வரை குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றிருந்தது. 2017-இல் ஒரு தளர்வு வந்தது: பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கும்போது வழக்குத் தாக்கலாகியிருந்தால் போதும், தீர்ப்பு பின்னால் வந்தாலும் சரி. ஆகவே, தீர்ப்புத் தேதி மட்டுமல்ல, மனுத் தாக்கலான தேதியும் சோறு போடும். தீர்ப்பாணையில் அந்தத் தேதி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் மூல மனுவின் சான்றிட்ட நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒத்திப்போடாதீர்கள். தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் கோர்ட்டு நெடுங்காலம் காப்பாற்றும். மனு, சாட்சியம் போன்ற மற்றக் காகிதங்களைக் காலக்கெடு முடிந்தபின் அழித்துவிட விதி உண்டு. நீங்கள் தாக்கல் செய்த அசல் திருமணப் பத்திரிகை, போட்டோ, நகை ரசீது இருந்தால், அவற்றையும் மனுப் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு சில சகோதரிகளுக்கு வேறு மாதிரி அதிர்ச்சி. "எனக்குத் தெரியாமலே அவர் எக்ஸ்பார்ட்டி டிகிரி வாங்கிவிட்டாராம்" என்று யாரோ சொல்லித் தெரிய வருகிறது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை அம்மா. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாக உங்களுக்கு வரவில்லை என்றால் அந்த 30 நாள், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து ஆரம்பம். அன்றே வக்கீலைப் பாருங்கள், அன்றே நகல் மனுப் போடுங்கள். கட்டிலுள்ள சம்மன் காகிதங்களின் நகலையும் கேளுங்கள்; எந்த விலாசத்துக்கு அனுப்பினார்கள், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பது அதில்தான் தெரியும். மேல்முறையீடு செய்வதானால், நகல் தயாராக ஆன நாட்களைக் காலக்கெடுவில் கழித்துக்கொள்ளலாம். அதற்காகவும் மனுப் போட்ட தேதி முக்கியம்.

மாப்பிள்ளை வீட்டார் காட்டும் காகிதம்

"பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் விவாகரத்தானவர் என்கிறார்கள். கோர்ட்டில் போய் நாங்களே பார்க்கலாமா?" என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். வழக்கில் சம்பந்தப்படாதவர்கள், காரணத்தைச் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, நீதிபதி அனுமதித்தால்தான் நகல் பெற முடியும். குடும்ப வழக்கு அந்தரங்கமானது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு மூடிய அறையில் விசாரிக்கச் சொல்கிறது. விவரங்களைப் பிரசுரித்தால் 1,000 ரூபாய் வரை அபராதம். நமக்கும் நாளைக்கு அந்த மறைப்பு தேவைப்படலாம் அல்லவா?

நேர்வழி இருக்கிறது. அவர்களிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். "நடந்துகிட்டு இருக்கு, சீக்கிரம் வந்துடும்" என்ற பேச்சும் வேண்டாம். தீர்ப்பு வந்த பிறகும், இந்து திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அது முடிந்ததா, மேல்முறையீடு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டபின் தட்டு மாற்றுங்கள். முதல் கல்யாணம் சட்டப்படி கலையாமல் நடக்கும் இரண்டாவது கல்யாணம் செல்லாது, அது குற்றமும்கூட.

செலவுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கடைசியாக: நகல் வாங்கும்போதே இரண்டு பிரதியாக வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம். ஒன்றைப் பீரோவிலும் இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். வழக்கு எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆபீஸ் எதிலும் சான்றிட்ட நகலைப் பார்க்க மட்டும் காட்டி, ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சகோதரி கடிதத்தின் முடிவில், "இந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது, அதனால்தான் பரண்மேல் போட்டேன்" என்று எழுதியிருந்தார். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை அம்மா. வீட்டுப் பத்திரத்தைப் போல, பாங்கு பாஸ்புத்தகத்தைப் போல அதுவும் ஒரு பத்திரம். பரணிலிருந்து இறக்கிப் பீரோவில் வையுங்கள்.