சார்ஜ் ஏறலையா? பேட்டரியைத் திட்டாதீங்க!

பாஸ், ஒரு சின்ன கற்பனை. சிதம்பரத்துல செகண்ட் ஷோ முடிச்சுட்டு கடலூருக்கு பைக்ல திரும்பிட்டிருக்கீங்க. புதுச்சத்திரம் தாண்டினதும் ஹெட்லைட் மங்குது. ஹாரன் சளி பிடிச்ச மாதிரி முனகுது. எதிர்ல ஹைபீம் போட்டுக்கிட்டு பஸ் வருது. என்ன பண்ணுவீங்க? ஓரமா நிறுத்தி, தூங்கிட்டிருக்கிற நண்பனை போன் போட்டு எழுப்புவீங்க. மறுநாள் மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்க்காமலே, "பேட்டரி போச்சு தம்பி, மாத்திடலாம்" என்பார். மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு காலி. பத்தே நாள்ல புது பேட்டரியும் படுத்துடும்!

இதே மேட்டர் 5,000 அடி உயரத்துல நடந்தா? அங்கே ஓரமும் கிடையாது, மெக்கானிக் அண்ணனும் கிடையாது.

சும்மா பில்டப் இல்லைங்க. சொந்தமா விமானம் கட்டுறவங்க நிஜமாவே இருக்காங்க. மும்பையில அமோல் யாதவ்னு ஒரு பைலட், அபார்ட்மென்ட் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, 2016-ல 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். அதை டி.ஜி.சி.ஏ.வில் பதிவு செய்ய 2017 வரைக்கும் அலைஞ்சார். (இங்கே கட்டுறதைவிட ஃபைல் நகர்த்துறதுதான் கஷ்டம். அது தனிக் கதை!) கேரளாவில் பிறந்த அசோக் தாமரக்ஷன், இங்கிலாந்துல லாக்டவுன் சமயத்தில் கிட் வாங்கி நாலு சீட்டர் 'ஸ்லிங்' விமானத்தைக் கட்டி முடிச்சு, குடும்பத்தோட ஐரோப்பாவைச் சுத்தி வந்தார். மகள் பேரைத்தான் விமானத்துக்கு வெச்சிருக்கார்.

இந்த மாதிரி குட்டி விமானங்கள்ல அதிகம் பார்க்கக் கிடைக்கிறது ஆஸ்திரியாவின் ராட்டாக்ஸ் எஞ்சின். அதில் 912 மாடலோட சார்ஜிங் சர்க்யூட்டைப் பார்த்தா, 'அட, இது நம்ம வண்டி சீட்டுக்கு அடியில இருக்கிறதாச்சே'னு தோணும். சுத்துற காந்தம், அசையாத காயில், அதிலிருந்து வர்ற ஏ.சி.யை டி.சி.யாக்கி 14 வோல்ட் சுமாருக்குள் அடக்குற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், கடைசியா பேட்டரி. அவ்வளவுதான்! நம்ம ஊர் மெக்கானிக்குகள் மேக்னட் காயில், ஆர்.ஆர். யூனிட்னு சொல்றதும் இதைத்தான். 912-ல் கிடைப்பது மொத்தமே 250 வாட். ரேடியோ, டிஸ்ப்ளே, விளக்கு எல்லாம் அதுக்குள்ளதான் குடும்பம் நடத்தணும்.

ஒரு நல்ல விஷயம், பழைய 912-ல் இக்னிஷனுக்குத் தனி காயில். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். அண்ணன்கள் ஓட்டின பழைய கார்புரேட்டர் பைக்குகள் பலதும் அப்படித்தான். பேட்டரியே இல்லாட்டியும் கிக்கரை உதைச்சா கிளம்பிடும். ஆனா அசோக் விமானத்துல இருக்கிற 915 மாதிரி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் எஞ்சின்களுக்கு கரன்ட் இல்லைன்னா மூச்சு இல்லை. அதனாலதான் அந்த வகையில இரண்டு ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததிலிருந்து நம்ம புது பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான். ஆனா நமக்கு ஒரே ஒரு காயில்தான்! ஆக, 'லைட்டுதானே மங்குது, போய்ச் சேர்ந்துடலாம்'னு நினைக்கிற காலம் போச்சு. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினா எஞ்சினே நின்னுடும். அதுவும் பஸ்ஸை ஓவர்டேக் பண்றப்போ நின்னா..?

சரி, விமானம் கட்டுறவங்க சார்ஜ் ஏறலைன்னா என்ன பண்றாங்க? பார்ட்ஸ் கடைக்கு ஓடுறதில்லை. அளக்குறாங்க. அதுவும் ஒரு குறிப்பிட்ட விதத்துல அளக்குறாங்க. அதைத்தான் நீங்க கத்துக்கணும்.

நம்மாளுங்க மல்டிமீட்டர் கையில கிடைச்சதும் பண்ற முதல் வேலை, பீப் மோடுல வெச்சு ஒயரோட ரெண்டு முனையையும் தொடுறது. 'பீப்'னா ஒயர் ஓகே. இது மொக்கை டெஸ்ட் பாஸ்! இருபது இழை இருக்கிற ஒயர்ல பத்தொன்பது அறுந்து ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் 'பீப்' வரும். ஒரு கனெக்டர்ல வெறும் 0.1 ஓம் தடை கூடுதலா இருக்குன்னு வெச்சுக்கோங்க. சாதாரண மீட்டரால அதைப் பிடிக்கவே முடியாது. ஆனா 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்துல 1 வோல்ட் காணாமப் போகும். ஆர்.ஆர். யூனிட் 14.2 அனுப்பும், பேட்டரிக்கு வந்து சேர்றது 13.2. அந்த வோல்டேஜ்ல லெட் ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜே ஆகாது. காணாமப் போன ஒரு வோல்ட் என்ன ஆச்சு? 10 வாட் சூடா மாறி கனெக்டரை உருக்கிட்டிருக்கும். ஓம்ஸ் லா... முதல் வருஷம் படிச்சு, எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்தோமே, அதேதான்!

அதனால வண்டி ஓடும்போதே அளங்க. முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு பேட்டரியைப் பாருங்க. 12.6 பக்கம் இருந்தா ஆரோக்கியம். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டர் கொடுத்தா 13.8-லிருந்து 14.5 வரைக்கும் ஏறணும். ஏறாம இறங்கிட்டே போனா சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினா ஓவர் சார்ஜ், பெரும்பாலும் ஆர்.ஆர். யூனிட் கோளாறு. அப்படியே ஓட்டினா பேட்டரி கொதிச்சுடும்.

இப்போ முக்கியமான கட்டம். ஹெட்லைட் எரியட்டும், நண்பன் ஆக்சிலரேட்டரைப் பிடிக்கட்டும். மீட்டரை டி.சி. வோல்ட்ல வெச்சு, சிவப்பு முள்ளை ஆர்.ஆர். யூனிட்டோட அவுட்புட்லயும், கறுப்பு முள்ளை பேட்டரி பிளஸ்லயும் வையுங்க. வழியில தொலையுற வோல்டேஜ் நேரடியா தெரியும். 0.2 வரைக்கும் மன்னிக்கலாம். 0.5-ன்னு காட்டினா திருடன் அந்த வழியிலதான் இருக்கான். ஃப்யூஸ் ஹோல்டர், கப்ளர்னு ஒவ்வொண்ணா நகர்த்தி அளந்தா ஆளே மாட்டிடுவான். அடுத்து இதே மாதிரி ஆர்.ஆர். யூனிட் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க. கண்ணாடி நார்ல செஞ்ச விமானத்துல உடம்பே கரன்டைக் கடத்தாது. எர்த்துக்கும் தனி ஒயர் போட்டாகணும். பெங்களூரு என்.ஏ.எல்.லின் 'ஹன்சா' பயிற்சி விமானம் அந்த வகை உடம்புதான். நம்ம பைக்ல இரும்பு சேஸிஸ் இருக்குன்னு தைரியம். ஆனா எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்டும் துருவும் இருந்தா அந்தச் சேஸிஸும் ஃபைபர் மாதிரிதான்!

நம்ம ஏரியாவுக்கு ஸ்பெஷல் எதிரி ஒருத்தர் இருக்கார். உப்புக் காத்து. சில்வர் பீச்லயும் கடலூர் ஓ.டி. பக்கமும் வண்டி நிறுத்துறவங்க, பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் வர்றவங்க, கப்ளரைக் கழற்றிப் பாருங்க. செம்பு பின்ல பச்சையா களிம்பு ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒருமுறை கட்டாயம் பாருங்க. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ் போதும். பின் பழுப்பேறி லூஸா இருந்தா கப்ளரையே மாத்துங்க. செலவு டீ, வடை ரேஞ்சுதான்.

ரெண்டு வழியும் சுத்தம், அப்பவும் சார்ஜ் இல்லையா? காயில் கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாத்துங்க. ஒரே கலர்ல மூணு ஒயர் வர்ற வண்டின்னா, ரெண்டு ரெண்டா மூணு ஜோடியையும் அளங்க. மூணும் ஏறக்குறைய சமமா வரணும், ஆக்சிலரேட்டரோடு ஏறணும். ஒரு ஜோடி மட்டும் சோர்ந்து போனா காயில் அவுட். எல்லாம் சரின்னா ஆர்.ஆர். யூனிட் மேல சந்தேகப்படலாம். ஆனா அதுக்கும் முன்னாடி, அதோட சின்ன ஒயர்களையும் பார்த்துடுங்க. ராட்டாக்ஸ் 912-ன் ரெகுலேட்டர்ல 'சி'ன்னு ஒரு முனை இருக்கு. பேட்டரி வோல்டேஜை வேவு பார்க்கிறது அதோட வேலை. அந்த ஒரு ஒயர் கழன்றா ரெகுலேட்டர் நல்லா இருந்தும் சார்ஜ் நின்னுடும். புது ரெகுலேட்டர் வாங்கி மாட்டினாலும் நிக்கும்!

ஒரே ஒரு 'கூடாது'. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, 'வண்டி ஓடுதா, அப்போ காயில் நல்லாருக்கு'ன்னு தீர்ப்பு சொல்ற வித்தை சில ஷெட்டுகள்ல இன்னும் நடக்குது. வோல்டேஜ் எகிறி ஆர்.ஆர். யூனிட், இன்ஜெக்ஷன் இ.சி.யூ. எல்லாம் போயிடும். யாராவது உங்க வண்டியில ஸ்பேனரை அங்கே கொண்டு போனா, "அண்ணே, வேணாம்ணே"ன்னு கையைப் பிடிச்சுடுங்க.

அடுத்த வாரம்: ஸ்பார்க் பிளக் கலரைப் பார்த்து வண்டியோட ஜாதகம் சொல்றது எப்படி?