மெமரி கார்டில் ஏறும் பாட்டும் குண்டர் சட்டமும்

எங்கள் தெருவில் ஏப்ரல் 14 விடிவதற்கு முன்பே மைக்செட் பாட ஆரம்பித்துவிடும். அந்தப் பாட்டுகளை எந்தக் கடையில் வாங்கினோம் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. பக்கத்து ஊர்த் தோழர் கொடுத்தார். அவருக்கு யாரோ மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த 60 நிமிட கேசட். இரண்டு டேப்ரெக்கார்டரை எதிரெதிரே வைத்து, வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று மிரட்டி, பதிவு செய்வோம். நடுவில் ஆடு கத்தும். அந்த ஆட்டுச் சத்தத்தோடுதான் பாட்டு அடுத்த ஊருக்கும் போகும்.

1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி இன்குலாப் எழுதி, கே.ஏ.குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' எங்களில் பலருடைய காதுக்கு வந்தது இந்த வழியில்தான். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் முதலில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பிறகு சிடி வந்தது, போனது. பஸ் ஸ்டாண்டு ஓரத்து செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தம்பி வந்தார். பாதி ஊர்களில் அவர் நம் தெருப் பையன், படித்துவிட்டு வேலை கிடைக்காதவர். அவருக்காக அரசு என்ன செய்தது தெரியுமா? 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் விற்பவர் வரிசையில் 'வீடியோ பைரேட்' என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. படம் மட்டுமல்ல, படத்தின் பாட்டுப் பதிவும் அதில் அடக்கம். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். பாட்டை நகல் எடுப்பது குண்டர் வேலையாம்!

சரி, திருட்டைப் பற்றியே பேசுவோம். நம் ஆயாக்கள் நடவு வயலில் பாடிய பாட்டு, சாவு வீட்டில் அழுத ஒப்பாரி, நம் அப்பன்கள் அடித்த அடி, எல்லாம் சினிமாவுக்குப் போயிருக்கிறது. எந்த ஆயாவுக்குப் பணம் வந்தது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் சொந்தக்காரர் அதைத் தயாரித்தவர்தான். மைக்கை நீட்டியவருக்கு 60 ஆண்டு உரிமை. பாடுகிறவருக்கும் 1994 முதல் உரிமை உண்டு என்று வழக்கறிஞர் தோழர்கள் திருத்துகிறார்கள். காகிதத்தில் இருக்கிறது, சந்தோஷம்.

இதைச் சாக்காக வைத்து நம் கலைஞர்களை நாமே ஏமாற்றக்கூடாது. கூட்டத்துக்குப் பறைக் குழுவை அழைத்துவிட்டு வேன் வாடகைகூடக் கொடுக்காமல் அனுப்பிய அமைப்புகளில் நாங்களும் இருந்திருக்கிறோம். நம்மிடையே வாழும் கலைஞர் பாட்டு வெளியிட்டால் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

மெமரி கார்டு ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. ஆண்ட பரம்பரைப் பாட்டும் அதே கடையில்தான் ஏறுகிறது, டவுன் பஸ்ஸில் நம் பிள்ளைகளின் காதுக்கு நேராகவே அலறுகிறது. அதனால்தான் சொல்கிறோம், அந்த வழியை அவர்களிடம் விட்டுவிட முடியாது.

ஆனால் இன்று கல்லூரித் தோழர்களிடம் பாட்டு கேட்டால் லிங்க் அனுப்புகிறார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது. லிங்க் மட்டும் வைத்திருப்பவர் கையில் அன்று என்ன இருந்திருக்கும்? செத்த பலகைதான். புளூடூத்துக்குக் கலெக்டர் அனுமதி வேண்டியதில்லை. யூடியூபில் ஒரு புகார் போதும், போட்ட பாட்டு காணாமல் போகும். பத்து வீட்டில் இருக்கும் பென் டிரைவை எவராலும் அப்படி அழிக்க முடியாது.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் கேசட்டுகளைக் கீழே இறக்குங்கள். ஓடுகிற டேப்ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டுப் பதிவு செய்யுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் பிடிக்கும், அவசரப்பட முடியாது. யார் பாடியது, எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி, பாட்டோடு சேர்த்தே நகல் கொடுங்கள். ஆடு கத்தும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.