காற்று என்று சொல்லிக் காலத்தைக் கோட்டைவிடுகிறோம்!



பக்கவாதம் என்கிறோம், பாரிசவாயு என்கிறோம். மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்', அதாவது செங்காற்று என்கிறார்கள். வாதமும் காற்று, வாயுவும் காற்று! பெயர்தானே என்று தள்ளிவிடாதீர்கள். காற்று என்று நம்புவதால்தான் தைலத்தைத் தேடுகிறோம். உருவிவிட ஆள் தேடுகிறோம். "விடியட்டும், பார்க்கலாம்" என்று படுக்கவும் வைத்துவிடுகிறோம்.

இது காற்று அன்று. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

என் பெரியம்மா பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இறுதிக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒருநாள் காலை ஏழு மணிக்கே அவருடைய வாய் கோணியிருந்ததைப் பணிப்பெண் கண்டிருக்கிறார். தூக்கக் கலக்கம் என்று எண்ணித் தேநீர் புகட்டியிருக்கிறார். பாதி வெளியே வழிந்ததாம். எனக்குத் தொலைபேசி வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு! "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. விடை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் கற்பித்தவர்கள் இதை அவருக்குக் கற்பிக்கவில்லை. மாதந்தவறாமல் கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமற் போனது எப்படி?

கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்துக் குருதிக்கசிவு இல்லையென உறுதிசெய்ய வேண்டும். பகாவ் தோட்டங்களிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் பயணமே ஒரு மணி நேரத்திற்கு மேல். கூட்டிக் கழித்துப் பாருங்கள்! முன்பு பெரிய தோட்டங்களில் நள்ளிரவிலும் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் நகரம் போய், எஞ்சியிருப்போர் முதியோர்தாம். அவர்களுக்கும் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர்.

இங்கிலாந்தில் 1998-இல் ஓர் எளிய சோதனையை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கம். நம் பாட்டிமாருக்கு அது எதற்கு? முகம், கை, பேச்சு, நேரம் என்று தமிழிலேயே சொல்லலாமே! சிரிக்கச் சொல்லுங்கள், வாயின் ஒருபுறம் இறங்குகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்றே ஒன்று தென்பட்டாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். பெரிய தாக்குதல் பின்னால் வரக்கூடும்.

மருத்துவமனைக்குத் தமிழறிந்த ஒருவர் உடன் செல்வது நல்லது. வாழ்நாளெல்லாம் தமிழே பேசிய மூதாட்டியிடம் மலாயில் கேட்டால், அவர் குழறுகிறாரா, மொழி புரியாமல் விழிக்கிறாரா என்று தாதி எப்படி அறிவார்?

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தேநீர் நுரையீரலுக்குள் இறங்கும். மருத்துவமனைகளில் விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே உணவு கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்களாகவே ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் அதுவே கேடு செய்யும். விரல் நுனிகளை ஊசியால் குத்திக் குருதி எடுத்தால் பிழைப்பார் என்றொரு கதை முன்பு மின்னஞ்சலில் சுற்றியது. இப்போது வாட்சாப்பில் சுற்றுகிறது. அதை எனக்கு அனுப்பியவர்களுள் ஆசிரியர்களும் உண்டு. வெட்கம்!

திருவிழாவிற்கு ஒலிபெருக்கி கட்டுகிறோமே, அதில் இந்த நான்கு சொற்களைச் சொல்ல எத்தனை வெள்ளி செலவாகும்?

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? கட்டணம் பேசுவதற்கு முன், இரவுப் பணியில் இருப்பவரைப் பார்த்து, "வாய் கோணினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வோம்" என்று பதில் வந்தால், வேறு இல்லம் பாருங்கள்.