லாரிக்கு அடியில் படுப்பவருக்கு யார் பொறுப்பு?



ஜாக்கி நழுவி மெக்கானிக் பலி என்ற செய்தி மாவட்டப் பக்கத்தின் மூலையில் அவ்வப்போது வந்துபோகிறது. விபத்து என்று வழக்குப் பதிவதோடு முடித்துவிடுகிறார்கள். இதை விபத்து என்று சொல்வதையே நான் கண்டிக்கிறேன்.

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஹைட்ராலிக் ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தூக்கிய பாரத்தை மணிக்கணக்கில் தாங்க அல்ல. உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம்தான் அத்தனையையும் சுமக்கிறது. ஆயில் சீல் கிழிந்தால் வண்டி இறங்கிவிடும். பத்துச் சக்கர லாரிக்கு அனுமதித்த மொத்த எடையை மத்திய அரசு 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அந்தக் கூடுதல் பாரத்துக்கு ஈடுகொடுக்குமா என்று பட்டறையில் கிடக்கும் பழைய ஜாக்கியை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. தூக்கிய கையோடு சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டை வைத்துப் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். நான் பார்ப்பதோ ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் அடுக்கு. பாரம் உட்கார்ந்தால் அது நொறுங்கிப்போகும். மழை பெய்த மண் தரையில் ஜாக்கிக்கு அடியில் பலகைகூட வைப்பதில்லை. டிப்பர் இன்னும் கொடுமை. தொட்டியை உயர்த்தி, முட்டுக் கொடுக்காமலே கிரீஸ் அடிக்கத் தலையை நுழைக்கிறார்கள். ஹோஸ் வெடித்தால் வெளியே வர நேரம் ஏது?

மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதைத் தொழிற்சாலையாகக் கருதியது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கிவிட்டது. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையை எந்த ஆய்வாளர் எட்டிப் பார்ப்பார்? தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் லாரியின் பிரேக்கையும் விளக்கையும் அரசு பார்க்கிறது; அதைத் தயார்செய்தவர் எதை நம்பி அடியில் படுத்தார் என்று கேட்பதில்லை.

ஸ்டாண்டும் சக்கரக் கட்டையும் இருப்பதை நேரில் பார்த்த பிறகே பட்டறைகளின் தொழில் உரிமத்தை உள்ளாட்சிகள் புதுப்பிக்க வேண்டும். தொழிலாளர் நல வாரியம் சிறு பட்டறைகளுக்கு ஸ்டாண்ட் வாங்க மானியம் தரட்டும். லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லோடு காத்திருக்கிறது என்று மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்