பஸ் நிரம்பும் வரை

காலை ஆறரை மணிக்கு அக்குறணையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பஸ் இல்லை என்று அவர் சொல்லமாட்டார். "பஸ் நிக்குது, போகுதில்லை" என்றுதான் சொல்லுவார். எமது பாதையில் பஸ்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க இன்று முப்பத்தைந்து நிமிடம், நாளை ஒன்றேகால் மணித்தியாலம். எந்த நாளில் எது என்று சாரதிக்கே தெரியாது.

என் ராத்தா கண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். எட்டரைக்கு விரல் அடையாளம் வைக்க வேண்டும். மாதத்தில் மூன்று முறை பிந்தினால் அரைநாள் லீவு வெட்டுவார்கள். ஆகவே அவர் ஆறேகாலுக்கே வீட்டை விட்டு இறங்கிவிடுவார். சில நாட்களில் ஏழு இருபதுக்கே போய்ச் சேர்ந்து, திறக்காத கதவுக்கு முன்னால் நிற்பார். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸை நம்ப முடியாத காரணத்தால் அவர் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் அதிகமாகச் செலவிடுகிறார். மாதத்துக்கு இருபத்திரண்டு வேலை நாட்கள் என்றால் இருபத்திரண்டு மணித்தியாலம். அதாவது ஏறக்குறைய மூன்று வேலை நாட்கள். அதற்குச் சம்பளம் கிடையாது.

ஏன் இப்படி? கூடுதல் பஸ் விட வேண்டும், பொலிஸார் கடுமையாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு சம்பளத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. தனியார் பஸ்களில் பெரும்பாலானவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலில் ஒரு பங்குதான் அவர்களது கூலி. டீசல், லீசிங் தவணை, உரிமையாளரின் தொகை எல்லாம் போக மிஞ்சுவதே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது. அப்படியானால் அரைவாசி காலியான பஸ்ஸை நேரத்துக்கு எடுப்பது அவர்களுக்கு நட்டம். நிரம்பும் வரை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஊர்ந்து ஊர்ந்து நிற்பதுதான் இலாபம். பின்னால் வரும் பஸ் கண்ணாடியில் தெரிந்ததும் அதே பஸ் பறக்கத் தொடங்குகிறது. அடுத்த தரிப்பிடத்து ஆட்களை மற்றவன் ஏற்றிவிடக்கூடாதல்லவா? ஆமை ஓட்டமும் பேய் ஓட்டமும் ஒரே காரணத்தால் வருகின்றன. பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் குறித்துக்கொடுக்கும் நிமிடக் கணக்கு முதல் வளைவு வரைதான் செல்லுபடியாகும்.

இதற்காகச் சாரதிமாரைத் திட்டுவதில் பயனில்லை. விடிய முன்னரே எழும்பி, இரவு எட்டு ஒன்பது வரை அந்தச் சூட்டில் ஸ்டியரிங் பிடிக்கும் மனிதர் அவர். மழை நாளில் ஆள் குறைந்தால் அவரது அடுப்பிலும் கைவைக்கும். அவரது இடத்தில் நாம் இருந்தாலும் தரிப்பிடத்தில் இன்னும் இரண்டு பேருக்காக நிற்கத்தான் செய்வோம்.

1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கையின் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. உம்மும்மா இன்றைக்கும் சிவப்பு பஸ்ஸை 'சீடீபி' என்றுதான் சொல்லுவார். 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று நாட்டில் ஓடும் பஸ்களில் பெரும்பகுதி அவர்களுடையவை. அவற்றில் அநேகமானவை ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. ஒரே வீதியில் ஓடினாலும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்.

தலைக்கு இவ்வளவு என்று கூலி வந்தால் நெரிசலும் வருமானமாகிவிடுகிறது. 'பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன' என்று நடத்துநர் எங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். பின்னால் எங்கே போவது, கண்ணாடியை உடைத்துக்கொண்டா? அந்த நெரிசலில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம், வீட்டில்தான் பேசுவதில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம் செய்யும் பெண்களில் நூற்றுக்கு 90 பேர் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017 இல் தெரிவித்தது. பொலிஸின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே.

இங்கே பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேச விரும்புகிறேன். உயர்தரம் முடித்து, ஒரு பாடநெறியும் படித்து, கண்டியில் வேலை கிடைத்த எத்தனையோ ராத்தாமார் ஆறு மாதத்தில் வீட்டோடு நின்றுவிட்டார்கள். "மஃரிபுக்குப் பிறகு பஸ்ஸில வாறது சரிவராது மகள்" என்று வாப்பா சொல்லுவார். அவர் சொல்வதில் அன்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் ஐந்தரை பஸ்ஸில் ஏற முடியாது. ஏழு தாண்டினால் பஸ்களே குறைந்துவிடும், ஆள் குறைவென்று கடைசி ஓட்டத்தையே விட்டுவிடுவார்கள். இலங்கையில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழில் சந்தையில் இருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸுக்குப் பயந்து பிள்ளையை நிறுத்துகிற வாப்பா, பஸ்ஸைச் சரிசெய்யும்படி யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? எங்கள் ஊரில் பாலத்துக்கும் மையவாடி மதிலுக்கும் மகஜர் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: பயணிகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல், ஓடிய ஓட்டத்துக்குப் பணம் கொடுங்கள். ஒரு பாதையின் வசூல் முழுவதும் ஒரே பெட்டிக்குப் போகட்டும். பஸ் ஓடிய கிலோமீற்றரையும் நேரந்தவறாமையையும் பார்த்து உரிமையாளருக்குப் பணம் பிரிக்கப்படட்டும். சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் இருக்கட்டும். அப்போது நிற்பதற்கும் காரணம் இல்லை, முந்துவதற்கும் காரணம் இல்லை. சிங்கப்பூர் 2016 இல் இவ்வாறான ஒப்பந்த முறைக்கு மாறியது. அங்கே கம்பனிகள் பஸ்ஸை ஓட்டுகின்றன, கட்டணப் பணம் அரசிடம் போகிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, நம் நாட்டையே பார்ப்போம். 2005 இல் தொடங்கிய 'சிசு செரிய' பஸ்ஸில் நாங்கள் குறைந்த கட்டணத்தில் பாடசாலைக்கு வருகிறோம். குறையை அரசு ஈடுசெய்கிறது. இலாபமில்லாத கிராமப் பாதைகளுக்குக் 'கெமி செரிய', இரவு நேரத்துக்கு 'நிசி செரிய' என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் ஏற்கெனவே திட்டங்கள் இருக்கின்றன. நிரம்பாத பஸ்ஸும் ஓட வேண்டும் என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பாதைக்கு அதை நீட்டும்படிதான் கேட்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். முதலில் இருக்கிற பணம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தனியார் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் நடத்துநர் எங்களை வேற்றுக்கிரகவாசிகள் போலப் பார்க்கிறார். டிக்கெட் இல்லாமல் வசூல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் பங்கிடவும் முடியாது. அடுத்து, பஸ் கிடைக்காத மாலைகளில் நம் வீடுகளிலிருந்து ஓட்டோக்களுக்குப் போகும் பணத்தையும் கூட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் ராத்தாவின் கைப்பையில் அந்த ஓட்டை எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும்.

கண்டி, மாத்தளை எல்லாம் ஒரே மாகாணத்துக்குள் இருப்பதால் இந்தப் பாதைகளின் அனுமதிப்பத்திரங்கள் மாகாண அதிகாரிகளின் கையில்தான் இருக்கின்றன. கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. முழு மாகாணத்தையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டியதில்லை. ஒரு பாதை, ஆறு மாதம், காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை ஐந்து முதல் எட்டரை வரையும் பரீட்சித்துப் பார்க்கலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பலகையில் எழுதிப்போட்டு, அந்த பஸ் ஒரேயொரு பயணியோடு என்றாலும் ஓட வேண்டும். பெற்றோர் சங்கமும் பழைய மாணவியர் சங்கமும் சேர்ந்து இந்த மகஜரைத் தயாரித்தால் கையெழுத்துச் சேர்க்க உயர்தர வகுப்பு மாணவியர் நாங்கள் தயார். தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். காலை ஆறரைக்கு அந்தத் தரிப்பிடத்தில் எங்களோடு நிற்கும் சிங்கள அக்காமாரும் கையெழுத்திடுவார்கள்.